முதலில் வடிவம், பிறகு கூர்: வயல் அரிவாளைக் கையால் தீட்டும் முறை

விழிதியூரில் கொல்லையை எத்தனை அடி தோண்டினாலும் கையளவு கல் ஒன்று அகப்படாது. காவிரி கொண்டுவந்து பரப்பிய வண்டல், அதன் அடியில் களி, கடலை நெருங்க நெருங்க மணல். காரைக்கால் பக்கத்து நிலம் இப்படித்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல்லை டெல்டாவுக்கு வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். அதனால் நிரவி கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊர்ப்பக்கம், எங்கே கல் இருக்கிறதோ அதுவே தீட்டுக்கல். படித்துறைக் கல், துவைகல், பழைய அம்மியின் அடிப்பக்கம், எதுவும் இல்லையென்றால் சிமென்ட் வாசற்படி.

பழைய படித்துறைகளைக் கவனித்தால் ஒரு கல் மட்டும் நடுவில் குழிந்து, உள்ளங்கை வைத்தால் வழுக்கும்படி இருக்கும். வேலைக்குப் போகிறவர்களும் வேலை முடித்து வருகிறவர்களும் அரிவாளை நாலு இழுப்பு இழுத்த தடம் அது. அந்தத் தடத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நம் அரிவாள்கள் சீக்கிரம் மொண்ணையாகிப் போவதற்கான காரணமும் அதே குழியில்தான் இருக்கிறது. அவசரத்தில் வாயை மட்டும் தேய்க்கிறோம். வாய்க்கு மேலே இருக்கும் சரிவைத் தொடுவதே இல்லை. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றே: அரிவாளுக்கு முதலில் வடிவத்தைக் கொடுங்கள், கூர் தானாக வந்து சேரும்.

வாய் எப்படிப் போகிறது

வெட்டும் விளிம்பை வாய் என்கிறோம். வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறும் சாய்ந்த முகம் சரிவு. இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடுதான் கூர். அந்தக் கோட்டுக்குத் தடிமன் வந்துவிட்டால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். அது மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, தேய்வு. நெல்தாளில் சிலிக்கா அதிகம். மணலில் இருப்பதும் அதே பொருள்தான். கதிரை அறுக்கும் ஒவ்வொரு பிடியிலும் அரிவாள் மெல்லிய உப்புத்தாளில் உரசுவதுபோலத் தேய்கிறது. தரையை ஒட்டி அறுத்தால் மண்ணும் சேர்ந்து தேய்க்கும்.

இரண்டாவது, மடங்கல். பச்சை மட்டையைச் சீவும்போது கை திரும்பினால், மெல்லிய வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். எஃகு அங்கேயேதான் இருக்கும், படுத்துக்கிடக்கும்.

மூன்றாவது, பொரிதல். காய்ந்த வேலிக்கருவையிலோ, மட்டைக்குள் மறைந்திருந்த ஆணியிலோ பட்டு வாயில் சின்னப் பல் விழும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை வெட்டி அகற்றிய நாட்களில் என் வெட்டரிவாளில் இப்படி ஏழு பொரிசல் எண்ணினேன். மணல் படிந்த மரத்தை நாள் முழுக்க வெட்டினால் எந்த வாயும் தாங்காது.

எது நடந்திருக்கிறது என்று பார்க்க வெயிலில் நின்று வாயைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல கூரில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இல்லை. அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் தேய்ந்தது. புள்ளியாக மின்னினால் பொரிசல். மடங்கலை நகத்தால் கண்டுபிடிக்கலாம்: சரிவின் மேலிருந்து வாயை நோக்கி நகத்தை மெல்ல இறக்கினால், மடங்கிய பக்கத்தில் நகம் தட்டும்.

ஏன் தீட்டத் தீட்ட மொண்ணையாகிறது

புது அரிவாளின் வாய்க்கு மேலே அலகு மெலிவாக இருக்கும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாய் ஒரு மயிரிழை மேலே ஏறுகிறது. அலகோ முதுகுப் பக்கம் போகப் போகத் தடிமன். ஆக, வருடம் ஆக ஆக நாம் தடித்த இடத்தில் வாய் எடுக்கிறோம். சீக்கிரம் கூர் வரவேண்டும் என்று அரிவாளைக் கூடுதலாக நிமிர்த்தியும் பிடிக்கிறோம். விளைவு: வாயைத் தொட்டால் சுருக்கென்றிருக்கும், மரத்தில் போட்டால் இறங்காது. ஆப்பு போலச் சிக்கி நிற்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர். நான் அரைமணி நேரம் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டிய அரிவாளை வாங்கி, வாயைப் பார்க்காமல் அதற்கு ஒரு விரல் மேலே பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பார்த்தார். "தம்பி, கூர் இருக்கு. ஆனா தோள் இருக்கே, அது உள்ள போவாது" என்றார். சரிவு முடிந்து அலகு தொடங்கும் மேட்டைத்தான் தோள் என்றார். அன்றைக்கு அந்தத் தோளைக் கரைத்த பிறகு, அதே அரிவாள் பச்சை மூங்கிலில் ஒரே போடில் பாதி இறங்கியது.

எந்த வேலைக்கு எந்தச் சரிவு

சரிவைக் கோணத்தால் அளக்கிறோம். கீழே சொல்வதெல்லாம் ஒரு பக்கத்துக்கான கணக்கு.

- வாழை இலை, கீரை, காய்கறி அறுக்கும் கத்தி: 15 பாகை
- புல்லறுக்கும் அரிவாள்: ஒரு பக்கம் மட்டும் 20 முதல் 25 பாகை, மறுபக்கம் தட்டை
- தென்னை மட்டை, இளநீர், பச்சை மூங்கில் வெட்டும் அரிவாள்: 22 முதல் 25 பாகை
- காய்ந்த கருவை, விறகு: 30 பாகை

கோணம் குறைந்தால் எளிதாக இறங்கும், சீக்கிரம் மடங்கும். கூடினால் தாங்கும், ஆனால் கைக்கு வலி. எல்லா வேலைக்கும் ஒரே அரிவாள் என்றால் இந்த இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். முடிந்தவர்கள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கருவைக்குப் போகும் அரிவாளால் இளநீர் சீவாதீர்கள்.

கோணமானி வேண்டாம். ஒரு தாளின் மூலையை எடுங்கள். அது 90 பாகை. ஒரு விளிம்பு மற்ற விளிம்பில் பொருந்தும்படி மூலையை மடித்தால் 45. மீண்டும் அப்படியே மடித்தால் 22½. இந்தக் காகித ஆப்பைக் கல்லின் மேல் வைத்து, அலகை அதன்மேல் சாய்த்துக் கையைப் பழக்குங்கள். இன்னொரு வழி: வாயிலிருந்து முதுகு வரை 5 சென்டிமீட்டர் அகலம் உள்ள அலகானால், முதுகைக் கல்லிலிருந்து 13 மில்லிமீட்டர் தூக்கினால் 15 பாகை, 19 தூக்கினால் 22½, 25 தூக்கினால் 30. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவி வைத்துக்கொண்டால் போதும்.

தேவையான சாமான்

கல்லில்லாத ஊருக்கு இன்று கல் ஹார்டுவேர் கடை வழியாக வருகிறது. இருபுறக் கல் என்று கேளுங்கள்: ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். இது மலையில் வெட்டிய கல் அல்ல. மணலையும் கரியையும் மின் உலையில் பழுக்கவைத்துச் செய்த கார்போரண்டம். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் இதைக் கண்டுபிடித்தார். சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கப்பட்டது 1954-இல்.

கல்லோடு ஒரு தட்டை அரம், கதிரரிவாளின் கருக்குப் பற்களுக்கு ஒரு சிறிய முப்பட்டை அரம், ஒரு கறுப்பு மார்க்கர் பேனா, பழைய தோல் பெல்ட் ஒரு முழம், ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவுதான். அரத்துக்குக் கட்டாயம் மரப்பிடி போட்டிருக்க வேண்டும். வெறும் வாலைப் பிடித்து ராவினால் அது உள்ளங்கையில் ஏறும்.

கல் நடுவில் குழிந்துவிட்டால் அதில் நேரான வாய் எடுக்க முடியாது. சமமான சிமென்ட் தரையில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடத்தில் சமமாகும். கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. நான் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுகிறேன்.

வடிவம் எடுத்தல்

முதலில் பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பூணை இறுக்கி, ஆப்பு வைத்த பிறகே தீட்டலாம். துருவைச் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து எடுங்கள். இரண்டு பக்கச் சரிவிலும் மார்க்கரால் கறுப்புப் பூசுங்கள்.

வளைந்த அரிவாளைக் கல்லின் மேல் இழுப்பது கடினம். அரிவாளை அசையாமல் வைத்து, அரமோ கல்லோ அதன்மேல் நடக்கட்டும். திண்ணை ஓரத்தில் ஒரு தென்னைக் கட்டையைப் போட்டு, அலகின் முதுகை அதில் பதித்து, பிடியை முழங்காலுக்கடியில் அழுத்திக்கொள்ளுங்கள். வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். பிள்ளைகள் எதிரே நிற்கக் கூடாது.

தோளில் அரத்தை வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள். அரம் கடித்தால் எஃகு ராவக்கூடிய பதத்தில் இருக்கிறது. கீச்சென்று வழுக்கினால் அலகு அரத்துக்கு நிகரான கடினம். அரத்தை விட்டுவிட்டுக் கல்லின் கரட்டுப் பக்கத்தை எடுங்கள். திருப்பாச்சேத்தி உட்பட நம் கொல்லுப்பட்டறைகளில் பெரும்பாலும் லாரிப் பட்டையைத்தான் அரிவாளாக அடிக்கிறார்கள். அந்த வில் எஃகில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல். அது உடையாமல் வளைந்து கொடுக்கும், அரமும் மெதுவாகக் கடிக்கும். அரம் முன்னே போகும்போது மட்டும்தான் வெட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும்.

வெட்டரிவாளுக்கு முதலில் 15 பாகை அளவில் தாழ்வாகப் பிடித்துத் தோளை மட்டும் ராவுங்கள். கறுப்பு மறைகிற இடம் அரம் எங்கே தொடுகிறது என்று காட்டும். வாய்க்கு இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். பிறகு அரத்தை 22 பாகைக்கு உயர்த்தி வாய் வரைக்கும் கொண்டுவாருங்கள். கடைசியாக அந்த இரண்டு முகங்களுக்கும் இடையே இருக்கும் மெல்லிய மேட்டை, கையை லேசாக உருட்டிக் கரைத்துவிடுங்கள். சரிவு இப்போது அரிசி மணியின் முதுகுபோல மெல்லப் புடைத்திருக்கும். இந்தப் புடைப்பு மரத்தைப் பிளந்து விலக்கும். வாய்க்குப் பின்னால் எஃகும் நிற்கும்.

பொரிசல் இருந்தால் ஒவ்வொன்றாகக் குடைய வேண்டாம். முழு வாயையும் அடிப்பொரிசல் வரை இறக்குவதும் வீண். பெரியவை இரண்டு மூன்றை விட்டுவிட்டு, மற்றவை மறையும் அளவுக்கு ராவுங்கள். மீதி அடுத்த இரண்டு தீட்டலில் போய்விடும். எஃகு வாங்கிய பொருள்; கரைத்தால் திரும்ப வராது.

கூர் எடுத்தல்: பிசிறைத் தேடுங்கள்

இப்போது கல்லின் கரட்டுப் பக்கம். நனைத்த கல்லைக் கையில் பிடித்து, விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே நீளாமல் மடக்கிக்கொண்டு, சரிவின் மேல் சிறு வட்டமாகச் சுழற்றுங்கள். பிடியடியில் தொடங்கி மூக்கு வரை. காதையும் கொடுங்கள்: கல் சரிவில் முழுதாகப் படிந்தால் "சர்" என்று ஒரே ஓசை, விளிம்பில் மட்டும் பட்டால் ஓசை மெலிந்து கீறலாகும்.

எப்போது நிறுத்துவது? எண்ணிக்கை கணக்கல்ல. மறுபக்கத்தில் பிசிறு எழும்பும் வரை. ஒரு பக்கம் தேயத் தேய, வாயின் நுனி எஃகு மயிரிழையாகத் திரண்டு எதிர்ப்பக்கம் சாயும். தீட்டாத பக்கத்தில், முதுகிலிருந்து வாயை நோக்கிப் பெருவிரல் சதையைக் குறுக்காக இறக்கினால் அது விரலில் தட்டும். வாயின் நெடுகே விரலை ஓட்டவே கூடாது. பிடியடி முதல் மூக்கு வரை இடைவெளி இல்லாமல் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் ஒரு விரற்கடை தட்டவில்லை என்றால் அங்கே இன்னும் கூர் வரவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலோர் பிசிறு வருமுன்னே பக்கம் மாற்றிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் தீட்டியும் கூர் ஏறவில்லை என்கிற குறைக்கு இதுவே காரணம்.

பிறகு மறுபக்கம், அதே போல. பிசிறு இந்தப் பக்கம் வந்துவிடும். அடுத்து நைஸ் பக்கம்: இருபுறமும் பத்து, எட்டு, ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். கை அழுத்தமும் கூடவே குறைய வேண்டும். கடைசி இழுப்பில் கல்லின் எடை மட்டும் போதும். மீதிப் பிசிறு தோல் பெல்ட்டில் போகும்: பெல்ட்டை ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்து, முதுகு முன்னே போக வாய் பின்னே வர, பக்கத்துக்கு இருபது முறை இழுங்கள்.

சோதிக்க விரல் வேண்டாம். தென்னங்கீற்றின் ஒற்றை ஓலையைத் தொங்கவிட்டுப் பிடித்து, அரிவாளை அதன் எடையோடு சாய்த்து இழுங்கள். ஓலை நாரில்லாமல் அறுந்தால் வயலுக்குத் தயார். எங்காவது இழுத்துப் பிய்த்தால் அந்த இடத்துக்கு மார்க்கர் பூசி மறுபடி கல்.

கருக்கரிவாள்

பனைமட்டைக் கருக்குபோல் பல் வெட்டிய கதிரரிவாளுக்கு வேறு முறை. அதன் பல் ஒரு முகத்தில் மட்டும்தான் இருக்கும், பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அறுப்பவர் தன்னை நோக்கி இழுப்பதால். பல் உள்ள முகத்தைக் கல்லில் தேய்த்தால் பல் போய்விடும். மறுமுகத்தை, பல் இல்லாத பக்கத்தை, நைஸ் கல்லில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மெல்லத் தேயுங்கள். ஒவ்வொரு பல்லும் அடியிலிருந்து புதுநுனி பெறும். பிறகு பள்ளங்களில் தங்கிய பிசிறை முப்பட்டை அரத்தின் ஓரத்தால் ஒவ்வொரு தடவை வருடிவிட்டால் போதும்.

பல்லே மறைந்துவிட்டால் அது வீட்டு வேலை இல்லை. கொல்லர் அதை உலையில் போட்டு இளக்கி, உளியால் பல் வெட்டி, மீண்டும் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். இப்போது அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தில் நடக்கிறது. ஆனால் மழையில் சாய்ந்த சம்பாவும், இயந்திரம் திரும்ப முடியாத மூலையும், வரப்பும் இன்னும் கையரிவாளையே நம்பியிருக்கின்றன. அந்த ஓரங்களை அறுப்பவர்களுக்கு மழுங்கிய அரிவாளைக் கொடுப்பது அநியாயம். நாள் முழுக்கக் குனிந்திருப்பவரின் தோளும் மணிக்கட்டும்தான் நம் சோம்பலுக்கு விலை கொடுக்கின்றன.

சுழலும் சாணையும் நீலநிறமும்

சைக்கிளை மிதித்துச் சாணை பிடிப்பவர்களின் கை நல்ல கை. ஆபத்து மின்சாரச் சக்கரத்தில். ஒருமுறை அவசரத்துக்கு ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கிய என் அரிவாள் கண்ணாடிபோலப் பளபளத்தது. வாயோரம் மட்டும் அழகான நீலம். மறுநாள் மூன்றாவது மட்டையிலேயே அந்த இடம் மடங்கியது. எஃகு சூடாகும்போது அதன் மேல் நிறம் ஓடும்: சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம், 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300 வாக்கில் நீலம். வாயில் நீலம் தெரிந்தால் கொல்லர் கொடுத்த பதம் அங்கே இளகியிருக்கும். நிறத்தைத் துடைத்துவிடலாம், பதம் திரும்பாது. நீலம் ஓடிய அளவுக்கு எஃகைக் கையால் ராவி எடுத்த பிறகுதான் நல்ல வாய் கிடைக்கும். சக்கரம் தவிர்க்க முடியாதபோது, இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல் பாருங்கள். கையால் தீட்டினால் இந்தக் கவலையே இல்லை.

வைப்பும் வருஷக் கணக்கும்

இங்கே காற்றில் உப்பு உண்டு. இரவு ஈரச்சாக்கில் சுற்றிய அரிவாள் காலையில் துரு காட்டும். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, துணியால் தேங்காயெண்ணெய் தடவுங்கள். வாய்க்கு உறை: தோட்டத்து ரப்பர் குழாயை வாய் நீளத்துக்கு வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு மாட்டினால் போதும்.

வேலை நாளில் ஐந்து நிமிடம் நைஸ் கல்லும் பெல்ட்டும். மாதம் ஒருமுறை பிசிறு எழும்ப முழுத் தீட்டல். வருடம் ஒருமுறை தோளைக் கரைத்து வடிவம் எடுத்தல். இதற்கு ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சந்தனமும் குங்குமமும் வைக்கிற கருவிக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதன் சரிவைத் திருத்துவதுதான்.

கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மண்ணோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று மருத்துவமனையில் சொல்லுங்கள்.

முதல் பயிற்சிக்கு வீட்டில் யாரும் தொடாத பழைய அரிவாளை எடுங்கள். படித்துறைக்குப் போகிறவர்கள், கல்லையும் மார்க்கரையும் கூடவே கொண்டுபோங்கள். குழிந்த கல்லில் உட்காருங்கள், தீட்ட வேண்டாம்; உங்கள் கல்லை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோளை முதலில் கரையுங்கள், பிசிறு முழு நீளமும் எழும்பக் காத்திருங்கள். பிறகு அந்த அரிவாளைப் பக்கத்தில் புல்லறுத்துக்கொண்டிருக்கும் அக்காவிடம், பிடி அவர் பக்கமாக நீட்டிக் கொடுத்துப் பாருங்கள். நாலு பிடி அறுத்துவிட்டு அவர் அதைத் திருப்பித் தர யோசித்தால், நீங்கள் தீட்டக் கற்றுக்கொண்டீர்கள்.